அத்தானிட்டைப் பேப்பர் கேட்ட றோஸ்மேரி அக்கா

இண்டைக்கு நான் சந்திச்சது றோஸ்மேரி அக்காவை. பொலிதேயாமாத் தியேட்டர் பக்கம் போட்டோக்கொப்பி எடுக்கிற கடையிலை எனக்கு முன்னாலை நிண்டு கடைக்காரனோடை சண்டை பிடிச்சுக்கொண்டு நிண்டவ. சத்தம் போடாத சண்டை. ஒரு கொப்பியை வெளிச்சத்திலை தூக்கிப் பிடிச்சுப் பாத்திட்டு, "திகதி மங்கல். இன்னொருக்கா," எண்டுவா. அவன் எடுப்பான். "இதிலை திகதி இருக்கு, முத்திரை இல்லை. இன்னொருக்கா." ஐஞ்சாவது கொப்பியோடை அவன் கேட்டான், "சிஞ்ஞோரா, நீங்கள் என்ன பொலிசோ?"

"இல்லை. அதைவிடக் கரைச்சல். நான் வேலை குடுக்கிறவள்," எண்டா.

எனக்கு அவவைப் பேரளவிலை தான் தெரியும். கடைக்கு வெளியிலை ஒரு மணித்தியாலம் நிண்டு கதைச்சம். அவ சொன்னதைச் சூடு ஆறமுதல் இந்தத் தாளிலை அடிக்கிறன். எழுத்துப் பிழையள் வந்தால் நீங்கள் தான் பொறுக்கவேணும்.

றோஸ்மேரி அக்கா மன்னார், பேசாலை. எண்பத்தொன்பதிலை பலேர்மோவுக்கு வந்தவ. முதல் வேலை ஒரு பெரிய வீட்டிலை. போய்ச் சேந்த அண்டைக்கே அந்த வீட்டுச் சிஞ்ஞோரா, வீட்டுக்கார அம்மா, இவவின்ரை பாஸ்போட்டை வாங்கி, வெள்ளிக் கரண்டியள் இருக்கிற மேசை லாச்சிக்குள்ளை வைச்சுப் பூட்டிப்போட்டா. "சட்டம் அப்பிடி. நீ எனக்கு வேலை செய்யிறாய், உன்ரை பேப்பர் என்னட்டை இருக்கவேணும்," எண்டு சொன்னவவாம். அக்காவும் நம்பினா. சட்டம் எண்டு ஒருத்தர் இத்தாலியனிலை சொன்னா நம்பாமல் என்ன செய்யிறது?

அடுத்த வருசம் எல்லாருக்கும் பெர்மெஸ்ஸோ, அதுதான் இஞ்சை இருக்கிறதுக்கான அனுமதி, குடுக்கினம் எண்டு சொல்லி குவெஸ்தூராவிலை, பொலிஸ் கந்தோரிலை, நாள் குறிச்சுக் குடுத்தவங்கள். அந்த நாள் ஆவணி மாசம் வந்துது. ஆவணியிலை சிஞ்ஞோரா மொந்தெல்லோக் கடற்கரை வீட்டிலை. லாச்சித் திறப்பும் அவவோடை. அக்கா பஸ் ஏறி மொந்தெல்லோ போனா. சிஞ்ஞோரா கடலுக்குள்ளை நிண்டவ. நனைஞ்ச உடுப்போடை கரைக்கு வந்து, பைக்குள்ளை கிடந்த திறப்பை எடுத்துக் குடுத்து, "கரண்டியளைக் கலைச்சுப் போடாதை," எண்டு சொல்லிப்போட்டுத் திரும்பக் கடலுக்குள்ளை போயிட்டாவாம்.

பேந்து தான் அக்காவுக்குத் தெரியவந்தது, வேலைக்காரற்றை பாஸ்போட்டைப் பூட்டி வைக்கச் சொல்லி ஒரு சட்டமும் இல்லை எண்டு. பாக்கச் சொல்லித் தான் சட்டம். பாத்திட்டுக் குடுக்கவேணும்.

தொண்ணூற்றைஞ்சிலை அக்கா தானே ஒரு கொப்பெராத்தீவா தொடங்கினா. ஆக்கள் சேந்து நடத்திற ஒரு சின்னக் கொம்பனி. லிபெர்த்தா றோட்டிலை மாடிக் கட்டடங்கள் மூண்டின்ரை படி கூட்டித் துடைக்கிற வேலை. எங்கடை ஆக்கள் எட்டுப் பேர். சனம் வைச்ச பேர் "தும்புத்தடிக் கொம்பனி". அக்கா அதைப் பற்றிக் கவலைப்படேல்லை. ஆளுக்கொரு நீலப் பைல் வாங்கினா. ஒவ்வொரு பைலுக்குள்ளையும் ஒரு தாள்: பேர், என்ன வகைப் பெர்மெஸ்ஸோ, அதிலை வேலை செய்யலாம் எண்டு கிடக்கோ, எப்ப முடியுது, ஒறிஜினல் பாத்தது ஆர், எண்டைக்கு. கீழை அக்காவின்ரை கையெழுத்து. கொப்பி எடுத்த உடனை ஒறிஜினல் வந்த கைக்கே திரும்பிப் போகவேணும். மேசையிலை கூட வைக்கக் கூடாது. வேலை தொடங்க முதல் இவ்வளவும் முடிஞ்சிருக்கவேணும், தொடங்கினாப் பிறகில்லை.

முடியிற திகதியளைக் கோயில் கலண்டரிலை சிவப்பாலை வட்டம் போட்டு வைச்சவ. அதுக்கு மூண்டு மாசம் முன்னாலை ஒரு பச்சை வட்டம். அந்தக் கலண்டரிலை ஒவ்வொரு நாளும் ஒரு அர்ச்சியசிட்டவற்றை நாள். அதாலை அவை கதைக்கிற விதமே மாறிப்போச்சு. யாழ்ப்பாணத்துச் சிவபாலன், வலு பகிடிக்காரன், ஒருநாள் வந்து கேட்டான், "அக்கா, நான் எப்ப முடியிறன்?"

"நீ சந்தா லூச்சியாவிலை முடியிறாய், டிசம்பர் பதின்மூண்டு."

"சைவக்காரன், போயும் போயும் லூச்சியாவிலையோ. பறவாயில்லை, அண்டைக்கு எல்லா இடமும் அரன்சீனாச் சோத்துருண்டை பொரிப்பாங்கள். திண்டிட்டு முடியலாம்."

எட்டுப் பேரும் முகத்தைச் சுளிச்சுத் தான் பேப்பரைக் காட்டினவை. எங்கடை சனத்திட்டைப் பேப்பர் கேக்கிறது எண்டால் சாதி கேக்கிற மாதிரி. எண்டாலும் காட்டினவை.

அடுத்த வருசம் வந்த ஒன்பதாவது பைல் அத்தானின்ரை.

அத்தான் எண்டது ஏர்னஸ்ற் அண்ணை, அக்காவின்ரை தமக்கை கிளறாவின்ரை மனுசன். இஞ்சை எல்லாருக்கும் முதல் வந்த ஆள். றோஸ்மேரி அக்கா வந்து இறங்கேக்கை ஸ்ரேசனிலை நிண்டு ஏத்தினது அவர். தன்ரை கட்டிலைக் குடுத்திட்டு நாலு மாசம் குசினிக்குள்ளை படுத்தவர். கோயில் பெருநாளுக்குக் கொடி பிடிக்கிறதும் அவர் தான். ஒன்பது வருசமா லிபெர்த்தாவிலை ஒரு வயசான அவ்வொக்காத்தோவை, வக்கீல் ஐயாவை, பாத்துக்கொண்டிருந்தவர். தொண்ணூற்றாறு கோடையிலை அந்த ஐயா செத்துப்போனார். புரட்டாதியிலை கிளறா அக்கா வந்து, "உவர் வீட்டிலை சும்மா இருந்தா என்னைத் தான் ஒழுங்குபடுத்தப் போறார். ஒரு படி குடு," எண்டா. அத்தானுக்கு ஐஞ்சு மாடிக் கட்டடம் ஒண்டு குடுபட்டுது.

வேலைப் பேப்பர் எழுதின அண்டைக்கு அத்தான் முன்னாலை இருந்து பிளேன்ரீ குடிச்சவர். "உனக்கு ஒரு உதவிக்குத் தானே," எண்டு வாசிக்காமல் கையெழுத்து வைச்சார். அக்கா பைலைத் திறந்தா. "ஒறிஜினல் பாத்தது ஆர்" எண்ட இடத்துக்கு வந்ததும் பேனை நிண்டுது. கட்டில் தந்த மனுசனிட்டை எப்பிடிக் கேக்கிறது? அத்தான் பெர்மெஸ்ஸோ எடுத்த நாள் அவவுக்கு நல்ல ஞாபகம். மொழிபெயர்க்கப் போனதே அவ தான், அப்ப தன்ரை மகள் ஜெசிக்கா கைக்குழந்தை. தொண்ணூற்றுமூண்டு. நாலு வருசம் எண்டு குடுத்தவங்கள். அப்ப தொண்ணூற்றேழு. அப்பிடியே எழுதினா. "ஒறிஜினல் பாத்தது: றோஸ்மேரி." கையெழுத்து.

பாக்கேல்லை. பாத்ததெண்டு எழுதினா. ஒன்பது பைலிலையும் அந்த ஒரு வரி தான் பொய்.

கார்த்திகை, நவம்பர் மாசம், றாஜொனியேரே கூப்பிட்டார். மூண்டு கட்டடத்தையும் பாக்கிற கணக்காளர் அவர். ஊரிலை வேறை ஒரு துப்பரவுக் கொம்பனியிலை பேப்பர் இல்லாத ஆக்கள் வேலை செய்து பிடிபட்டவையாம். வெள்ளிக்கிழமை பைல் எல்லாத்தையும் கொண்டு வா, ஒண்டு பிழைச்சாலும் கொந்திராத்து, அதுதான் ஒப்பந்தம், இல்லை எண்டார். கொந்திராத்து போனா ஒன்பது பேருக்கும் வேலை இல்லை. வேலை இல்லாட்டி, பெர்மெஸ்ஸோ முடியேக்கை ஒன்பது பேராலும் புதுப்பிக்கேலாது.

செவ்வாய்க்கிழமை அக்கா பைல்களை விரிச்சா. எட்டுக்குள்ளை கொப்பி இருந்தது. ஒன்பதாவதுக்குள்ளை தாள் மட்டும். பாக்காததுக்குக் கொப்பி எங்காலை வரும்?

புதன்கிழமை பின்னேரம் தமக்கை வீட்டை போனா. அத்தான் ரீவீ பாத்துக்கொண்டிருந்தவர்.

"அத்தான், உங்கடை பெர்மெஸ்ஸோவை ஒருக்கா பாக்கவேணும்."

அத்தான் ரீவீச் சத்தத்தைக் கூட்டினார்.

"அத்தான்."

"என்னத்துக்கு?"

"பைலுக்கு."

"நான் ஆரெண்டு உனக்குத் தெரியாதோ?"

"ஆரெண்டு தெரியும் அத்தான். எப்ப முடியுதெண்டு தான் தெரியாது."

குசினிக்குள்ளை கிளறா அக்கா சிரிச்சு, அதை இருமலாக்கினா.

"ஒன்பது வருசம் அந்த அவ்வொக்காத்தோ வீட்டிலை இருந்தனான். சட்டம் படிச்ச மனுசன். ஒருநாள் என்னட்டைப் பேப்பர் கேட்டவரோ?"

"கேட்டிருக்கவேணும் அத்தான்."

"ஸ்ரேசனிலை உன்னை ஏத்த வந்தனே. அண்டைக்கு நான் உன்னட்டைப் பேப்பர் கேட்டனானோ?"

 அக்கா தன்ரை கைப்பையைத் திறந்து தன்ரை பெர்மெஸ்ஸோவை எடுத்து மேசையிலை வைச்சா. "இது என்ரை. முதல் நீங்கள் என்ரையைப் பாருங்கோ."

அத்தான் கண்ணாடியைப் போட்டு, முன்னும் பின்னும் திருப்பி, ஆறுதலாப் பாத்தார். "படம் வடிவில்லை," எண்டார். பேந்து எழும்பி அலுமாரியடிக்குப் போனார். பிஸ்கற் ரின்னுக்குள்ளை ஒரு பை, பைக்குள்ளை ஒரு கடிதஉறை, அதுக்குள்ளை பெர்மெஸ்ஸோ.

தொண்ணூற்றாறு ஒக்ரோபர் இருபத்திநாலு. முடிஞ்சு இருபது நாள்.

அக்கா ஞாபகம் வைச்சிருந்தது பேப்பர் கைக்கு வந்த நாளை. நாலு வருசம் எண்ணத் தொடங்கினது விண்ணப்பம் குடுத்த நாளிலையிருந்து. அது ஜெசிக்கா பிறக்க முன்னம். ஒறிஜினலை ஒருக்காப் பாத்திருந்தா புரட்டாதியிலையே தெரிஞ்சிருக்கும்.

"முடிஞ்சது தெரிஞ்சும் ஏன் அத்தான் சொல்லேல்லை?"

 கிளறா அக்கா அகப்பையோடை வெளியிலை வந்தா. "நான் சொல்லுறன். புதுப்பிக்கப் போனா வேலை குடுக்கிறவர் ஆரெண்டு கடிதம் கொண்டுபோகவேணும். அதிலை உன்ரை பேர் கிடக்கும். குவெஸ்தூரா வரிசையிலை நிக்கிறது முழுக்க எங்கடை சனம். 'மச்சாளுக்கு உதவிக்குப் போறன்' எண்டு கோயில் முழுக்கச் சொல்லித் திரிஞ்ச மனுசன், அந்தக் கடிதத்தை எப்பிடி நீட்டுவார்?"

அத்தான் ரீவீச் சத்தத்தைக் குறைச்சார்.

பாருங்கோ, இவ மரியாதையிலை கேக்கேல்லை, அவர் ரோசத்திலை சொல்லேல்லை. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் நோகப்பண்ணாமல் ஒன்பது பேற்றை வேலையையும் ஆபத்திலை விட்டிருக்கினம்.

"இனி என்ன?" எண்டு கிளறா அக்கா கேட்டா. "வெள்ளிக்கிழமை உவற்றை பைலை அடியிலை வைச்சுக் குடன். எட்டுப் பாத்தவனுக்கு ஒன்பதாவது அலுத்துப்போகும்."

றோஸ்மேரி அக்கா எழும்பினா. "அத்தான், நாளையிலையிருந்து வேலைக்கு வராதேங்கோ. குவெஸ்தூராவிலை குடுக்கிற விண்ணப்பத் துண்டு கையிலை கிடைச்சாப் பிறகு வாங்கோ."

தன்ரை வாழ்க்கையிலை சொன்ன சொல்லுகளுக்குள்ளை அதுதான் பாரமானது எண்டு எனக்குச் சொன்னா. சொல்லேக்கை முகத்திலை ஒண்டும் தெரியேல்லை. என்ரை முகத்திலை தான் தெரிஞ்சிருக்கும்.

வியாழக்கிழமை விடிய ஆறரைக்கு அத்தானின்ரை கட்டடத்துக்கு அக்காவே வாளியும் துடைப்பமுமாப் போனா. வாசலிலை அத்தான். அயன் பண்ணின சேட்டு, கோட்டு.

"என்ன அத்தான், வராதேங்கோ எண்டெல்லோ சொன்னனான்?"

"வேலைக்கு வராதை எண்டு தான் சொன்னனீ. தெருவிலை நிக்காதை எண்டு சொல்லேல்லை."

றோட்டோரத் தோடை மரத்துக்குக் கீழை நிண்டார். அங்கை நிண்டுகொண்டு, "ரெண்டாம் மாடி மூலையிலை எப்பவும் தூசு நிக்கும்!" எண்டு கத்துவார். "கைபிடியை ஈரத்துணியாலை துடையாதை, பித்தளை கறுக்கும்!"

வேலை முடிச்சு அக்கா அவரைத் தொழிற்சங்க அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனா. பிந்தினது பிந்திப்போச்சு, உடனை குடுங்கோ, இன்னும் காலம் தப்பேல்லை, விண்ணப்பத் துண்டு கையிலை வந்தா வேலை செய்யலாம் எண்டவை. குவெஸ்தூராவிலை நாள் குடுத்தது இருபத்தொன்பதாம் திகதி.

வெள்ளிக்கிழமை றாஜொனியேரே பைல் பாத்தார். எட்டு அலுக்கேல்லை அவருக்கு. ஒன்பதாவதை இன்னும் ஆறுதலாத் திறந்தார். பழைய வரி ஒரு கோட்டாலை வெட்டியிருந்தது. அழிக்கேல்லை, வாசிக்கலாம். கீழை: "ஒறிஜினல் பாக்காமல் எழுதினது. பாத்தது நவம்பர் 13. காலம் முடிஞ்சிருக்கு. வேலை நிப்பாட்டியிருக்கு." கையெழுத்து.

"அப்ப அந்தக் கட்டடம் ஆர் துடைக்கிறது?"

"நான்."

"ஏன் பாக்காமல் எழுதினீங்கள்?"

"என்ரை அக்காவின்ரை புருசன்."

றாஜொனியேரே கண்ணாடியைக் கழட்டி மேசையிலை வைச்சார். "என்ரை தங்கச்சி புருசன் ஆறு வருசமா என்ரை காரை ஓடுறான். லைசன்ஸ் இருக்கோ எண்டு நான் இன்னும் கேக்கேல்லை." கண்ணாடியைத் திரும்பப் போட்டார். "மாசம் முடிய முதல் சரியான பேப்பர் வரவேணும். வராட்டி அந்தக் கட்டடம் வேறை ஆக்களுக்கு. மற்ற ரெண்டும் இருக்கட்டும்."

அப்ப எட்டுப் பேர் தப்பிச்சினம். அத்தானின்ரை வேலைக்கு முப்பதாம் திகதி மட்டும் தவணை.

பதின்மூண்டு காலை. அக்கா உள்ளை, அத்தான் மரத்துக்குக் கீழை. மழை பெய்தா குடை. மூண்டாம் மாடிச் சிஞ்ஞோரா நாயோடை இறங்கிப் போகேக்கை அத்தானைப் பாத்து, "போன்ஜோர்னோ, திரெத்தோரே," எண்டுவா. மனேச்சர் ஐயா எண்ட மாதிரி. அத்தான் தலையை ஆட்டுவார். நாலாம் நாள் அந்தச் சிஞ்ஞோரா அக்காவிட்டை இரகசியமாச் சொன்னாவாம், "உங்கடை முதலாளி நல்ல கண்டிப்பு, என்ன?"

"ஓம், வலு கண்டிப்பு," எண்டா அக்கா.

ஒன்பதாவது காலை, ரெண்டாம் மாடியிலை அக்காவின்ரை கால் வழுக்கினது. அவ கைபிடியைப் பிடிச்சிட்டா. வாளியைப் பிடிக்கேல்லை. அது படி படியா உருண்டு, தண்ணி முழுக்க வாசலுக்கு வந்துது. அத்தான் குடையை எறிஞ்சுபோட்டு ஓடி வந்தார். ஒரு கால் வாசல்படிக்கு உள்ளை. கை சுவரோடை சாத்தியிருந்த துடைப்பத்துக்குப் போச்சு.

மேலையிருந்து அக்கா கத்தினா, "தொடாதேங்கோ அத்தான்!"

கை நிண்டுது. அப்பிடியே திரும்பிப் போய்க் கோட்டுப் பைக்குள்ளை புகுந்துது. காலையும் வெளியிலை எடுத்தார். அழுக்குத் தண்ணி அவற்றை சப்பாத்தை நனைச்சுக்கொண்டு றோட்டுக்கு ஓடினது. அவர் குனிஞ்சு அதையே பாத்துக்கொண்டு நிண்டார். "உனக்கு அடிபட்டதோ?" எண்டு மட்டும் கேட்டார்.

அந்த இடத்திலை அக்கா கதையை நிப்பாட்டிப்போட்டுக் கையிலை இருந்த கொப்பியளை அடுக்கினா. அடுக்கின கொப்பியளைத் திரும்ப அடுக்கினா. 

இருபத்தொன்பதாம் திகதி குவெஸ்தூரா வரிசையிலை எங்கடை சனம் தான் பாதி. சிவபாலனும் நிண்டவன். அவனுக்குத் தானே லூச்சியா வருது. அத்தானின்ரை கையிலை கடிதத்தைக் கண்டிட்டு விடேல்லை. "ஓ, ஏர்னஸ்ற் அண்ணையும் வரிசையிலையோ! ஆர் அண்ணை உங்கடை முதலாளி?"

முன்னுக்கு நிண்டவையும் திரும்பிச்சினம். றோஸ்மேரி அக்கா நிலத்தைப் பாத்தா.

அத்தான் தொண்டையைச் செருமினார். "இவ தான். என்ரை மச்சாள். பேப்பர் பாக்காமல் ஒருத்தரையும் எடுக்கமாட்டா. அதாலை தான்ரா உன்னைப் போலை ஆளையும் நம்பி எடுத்திருக்கிறா."

வரிசை சிரிச்சுது. சிவபாலனும் சிரிச்சான்.

யன்னலாலை துண்டு வந்தது. சின்னத் துண்டு, முத்திரை குத்தினது. அத்தான் அதை வாசிக்கேல்லை. கேக்க முதலே அக்காவிட்டை நீட்டினார். அக்கா வெளிச்சத்திலை பிடிச்சா. "திகதி வடிவாத் தெரியுது," எண்டா. கொப்பி எடுத்தா, ஒறிஜினலை அவற்றை கையிலையே குடுத்தா. பின்னேரம் கொப்பி றாஜொனியேரேயிட்டைப் போச்சு. அவர் பாத்திட்டுப் பைலை மூடினார். அவ்வளவு தான்.

அடுத்த நாள் முப்பதாம் திகதி. விடிய மூண்டாம் மாடிச் சிஞ்ஞோரா நாயோடை இறங்கி வந்தா. படியிலை திரெத்தோரே, சேட்டுக் கையை மடிச்சு விட்டிட்டுத் துடைக்கிறார். சிஞ்ஞோரா பதறிப்போனா. "என்ன திரெத்தோரே, இண்டைக்கு ஆள் வரேல்லையோ?"

"ஆள் நான் தான் சிஞ்ஞோரா," எண்டார் அத்தான். "அங்கை ஈரம். நாயைத் தூக்குங்கோ."

அதுக்குப் பிறகு தும்புத்தடிக் கொம்பனியிலை ஒரு வழக்கம் வந்திட்டுது. புதுசா ஆர் வேலைக்கு வந்தாலும் பேப்பர் பாக்கேக்கை முதல் அக்கா தன்ரையை வைக்கிறா, அடுத்தது அத்தான், பிறகு தான் வந்த ஆள். சொந்தக்காரர் எண்டால் கட்டாயம், சொந்தமில்லாட்டியும் அதே கேள்வி, கூடவும் இல்லைக் குறையவும் இல்லை. ஆரும் முகத்தைச் சுளிச்சா அத்தான் சொல்லுறது ஒண்டு தான்: "ஸ்ரேசனிலை இவவை ஏத்தினது நான். என்னையே கேட்டவ. நீர் எந்த மூலை?"

இப்ப ஞாயிற்றுக்கிழமையிலை பூசை முடிஞ்சு, கோயிலுக்குப் பின்னாலை இருக்கிற அறையிலை ரெண்டு பேரும் இருக்கினம். அவையளிட்டை வேலை செய்யாத ஆக்களும் போகலாம், சைவம் கிறிஸ்தவம் எண்டில்லை. பெர்மெஸ்ஸோ ஒறிஜினலைக் கொண்டு போங்கோ, கொப்பியை இல்லை. எப்ப முடியுது, எப்ப தொடங்கவேணும், சிஞ்ஞோராவிட்டை என்ன கடிதம் கேக்கவேணும் எண்டு பாத்துச் சொல்லுவினம். பேப்பர் அவையின்ரை மேசையிலை ஒரு நிமிசம் கூடக் கிடக்காது. உங்கடை பாஸ்போட்டை ஆரும் லாச்சிக்குள்ளை பூட்டி வைச்சிருந்தா, அதையும் அக்காவிட்டைச் சொல்லுங்கோ. கரண்டிக் கதையை இன்னும் வடிவாச் சொல்லுவா.

இந்தத் தாளை வாசிச்சிட்டு மடிச்சு வைக்காதேங்கோ. உங்கடை வீட்டிலை, நீங்கள் பேப்பர் கேக்கக் கூச்சப்படுற ஒரு ஆள் இருப்பார். அவற்றை கையிலை குடுங்கோ.